ஆடு நக்கிய செருப்பு

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போனார்கள். ஆம்பூரில் அது ஒன்றும் அதிசயமில்லை. அப்பா தோல் வெட்டுகிற பிரிவில் இருந்தார். எந்தெந்த நாட்டுக்கோ போகிற ஷூவுக்கெல்லாம் தோல் வெட்டியவரின் வீட்டில், அந்தக் கோடையில் வெளியே போட்டுக்கொண்டு போக, அவருடைய ஷூவைத் தவிர, ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்புதான் இருந்தது. என்னுடையது பரீட்சைக்கு முன்பே வார் அறுந்துவிட்டது. அக்காவுடையதை நாய் தூக்கிக்கொண்டு போனது. அம்மாவுடையது தைக்கக் கொடுத்த இடத்திலேயே கிடந்தது. சித்தப்பா வீட்டைவிட்டு வெளியே போகிற ஆளே இல்லை. ஆகவே அவருக்குச் செருப்பு வாங்குகிற பேச்சே எழவில்லை. மிஞ்சியது நீல வார் வைத்த அந்தப் பெரிய செருப்பு. யார் வெளியே போனாலும் அதுதான்.

கத்திரி வெயில் தொடங்கியதும் வெளிவேலை என்றாலே ஆளுக்கொரு நோய் வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் உச்சிப்பொழுதில்தான் வரும். குழாய் இருந்தது சிமெண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம். வேப்பமரத்தடியில் கட்டிய ஆட்டை நிழல் நகர நகர இடம் மாற்ற வேண்டும். கொடியில் துணி மொடமொடவென்று காய்ந்து கிடக்கும். சித்தப்பாவுக்குச் சூட்டு வயிற்றுவலி. அக்காவுக்கு முகம் கறுத்துவிடுமே என்ற கவலை. எனக்குச் செருப்பு பெரிது, கால் வழுக்கும். யார் இளைத்தவரோ அவர் தலையில் குடம் ஏறும். பெரும்பாலும் நான்தான்.

அப்படி இருக்கையில் செருப்பு காணாமல் போகத் தொடங்கியது. காலையில் பார்த்தால் இருக்காது. விளக்கு வைக்கிற நேரத்தில் கதவோரம் வந்து உட்கார்ந்திருக்கும். வெறுங்காலோடு அந்த ரோட்டில் யாரையும் இறக்க அம்மாவுக்கு மனசு வராது. குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோகும். சாயங்காலம் பக்கத்து வீட்டில் போய்ப் பல்லைக் காட்டி ஒரு குடம் வாங்கி வருவாள். செருப்பு போனதில் எங்கள் எல்லோருக்கும் லாபம். அதனால் எல்லோர்மேலும் சந்தேகம்.

"வெய்யிலுக்குப் பயந்துகினு செருப்ப ஒளிச்சி வெக்கிற குடும்பத்த எங்கியாச்சும் பாத்துகிறீங்களா?" என்று அம்மா பொதுவாகக் கத்துவாள். கண் மட்டும் என்மேல் இருக்கும்.

என்மேல் விழுந்த பழியை இறக்கிவிட்டால் போதும் என்று துப்புத் துலக்க இறங்கினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால், ஷீட்டுக் கூரை இடுக்கில், அக்காவின் புத்தகப் பைக்குள் எல்லாம் தேடினேன். மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது.

"இன்னாடா, செத்துட்டனான்னு பாக்கிறியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

அவ்வளவு மிருதுவான கால்தான் எனக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

அப்பாவை யாரும் சந்தேகப்படவில்லை. காலையில் ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போகிறவருக்கு ரப்பர் செருப்பு எதற்கு? அவரிடம் புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்திருந்தது. சாயங்காலம் வந்ததும் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். பிறகு தேங்காய் எண்ணெயை எடுத்துக் கால் வெடிப்பில் தடவுவார்.

"ஒரு கொடம் தண்ணிக்கு நான் படற பேஜாரு, இவுரு டெய்லி குளிக்கிறாரு" என்பாள் அம்மா.

"வெயிலு ஜாஸ்தி" என்பார். இன்னொரு விரல் எண்ணெய் எடுப்பார்.

ஒருநாள் சாயங்காலம் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். கதவோரம் செருப்பு இருந்தது. ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அதை நக்கத் தொடங்கியது. இழுத்தாலும் வரவில்லை. வாரை விட்டுவிட்டு அடிப்பக்கத்தை நக்கியது. நானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல உப்பு.

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். "சித்தப்பாதான் எடுத்துனு போறாரு! ஸ்டேஷன்கிட்ட மாங்கா வண்டில உப்பு தொட்டுத் தின்னுட்டு வர்றாரு!"

"மாங்காய கால்லயாடா துன்னுவாங்க?" என்றார் சித்தப்பா. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, "ஆட்ட இழுத்துக் கட்டு" என்றார். அம்மா சிரிக்கவில்லை. ஆட்டையும் செருப்பையும் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் காலைப் பார்த்தாள். அன்று எண்ணெயை அவளே எடுத்துத் தடவிவிட்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்; விடவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். பல வருஷம் கழித்து ஒரு கோடையில் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை கிடைத்தது. கெடாமல் இருக்க உப்புப் போட்டு வந்திறங்கும் பச்சைத் தோலை முற்றத்தில் போட்டு உப்பைத் தட்டி உதற வேண்டும். வேறு வேலை கிடைக்காதவன் செய்கிற வேலை. உப்பு கால் வெடிப்பில் இறங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். நல்ல ஷூவோடு அங்கே நிற்க முடியாது. ஒரே வாரத்தில் வெடித்துவிடும். ரப்பர் செருப்புதான் தாங்கும். சாயங்காலம் திரும்பும்போது தெருவில் ஓர் ஆடு என் செருப்பை நக்க வந்தது. செருப்பு காணாமல் போன அந்தக் கோடையிலேயே கம்பெனியில் அப்பாவை நிறுத்திவிட்டிருந்தார்கள் என்ற சேதி எனக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

அந்தச் சின்ன வயதில் நான் கண்டது வேறு. ஆடு நக்கியதற்கு மறுநாள் விடியலில் விழித்துப் பார்த்தேன். அம்மா செருப்பைக் கழுவித் துடைத்து, ஒரு கவரில் சுற்றி, அப்பாவின் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அப்பா ஷூவை மாட்டிக்கொண்டு கதவோரம் ஏதோ தேடினார். பிறகு பையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "டைம் ஆச்சு, கெளம்பு" என்றாள்.

"வர்றேன்" என்றார்.

ஆக, செருப்புத் திருடி அம்மாதான். தண்ணீருக்குப் போகாமல் தப்பிக்க, அதை அப்பாவிடம் கொடுத்து ஊருக்கு வெளியே அனுப்பிவிடுகிறாள். சித்தப்பாவிடம்கூடச் சொல்லாமல் அந்த ரகசியத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், சமயத்துக்கு உதவும்.

ஆனால் அன்று உச்சிவெயிலில் குழாயில் தண்ணீர் வந்ததும், அம்மா யாரையும் கூப்பிடாமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினாள். குதிகாலை ஊன்றாமல் கொதிக்கிற சிமெண்டின்மேல் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பாதி வழியில் எங்கேயாவது ஒளித்து வைத்த இன்னொரு செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நான் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.