மோட்டார் ஓடும் நேரம்

பேச வரும் பிள்ளையை அமைதியான இடத்தில் உட்கார வையுங்கள் என்று ஆசிரியர்களுக்கான மனநலப் பயிற்சியில் சொன்னார்கள். ஆரணிக்குத் திரும்பியதும், சில வாரங்களாக முகம் வாடியிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பள்ளி நூலகத்துக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஒண்ணும் இல்ல மிஸ்" என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை.

வெளியே தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். எரிச்சலோடு ஜன்னலை மூட எழுந்தேன்.

"தொறந்தே இருக்கட்டும் மிஸ்" என்றவள் அழத் தொடங்கினாள். "வீட்ல பவர்லூம் ஓடிகினு இருக்கும்போதுதான் அழுவேன். யாருக்கும் கேக்காது."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தொட்டி நிரம்பும்வரை பேசினாள்.

அமைதியான அறை ஒரு பிள்ளையைப் பயமுறுத்தும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. இப்போது யாராவது பேச வந்தால் மோட்டாரைப் போடச் சொல்கிறேன்.

"தொட்டி ரொம்பி வழியுது மேடம்" என்றார் வாட்ச்மேன், போன வாரம்.

உள்ளே ஒருத்தி இன்னும் பேசி முடிக்கவில்லை. வழியட்டும் என்றேன்.