பறக்கத் தெரிந்தவனும் லேட்டாகத்தான் போனான்

அந்தப் படத்தை யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. படத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. வந்த புதிதில் அதைக் குப்பை என்றவர்கள் மேலும், இப்போது காவியம் என்கிறவர்கள் மேலும்தான் கோபம். இரண்டு தடவையும் என் அண்ணனைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

எங்கள் வீடு கரியாலூருக்குக் கொஞ்சம் முன்னால், மலையில் இருக்கிறது. அண்ணன் உளுந்தூர்பேட்டையில் ஹைவே ஓட்டல் ஒன்றில் புரோட்டா மாஸ்டர். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறவள். அம்மாவை ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய அன்று நான் கூடவே வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணனுக்குப் போன் போட்டோம். கல்லில் கிடந்த புரோட்டாவை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது மலைக்குப் போகும் பஸ் போயிருந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்ற மேலே போன காலி வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டான். அன்று பார்த்தா மழை பெய்ய வேண்டும்? பாதி மலையில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. மிச்சத்தை ஓடியும் நடந்தும் வந்தான்.

உயிர் பிரிகிற நேரத்தில் பெற்ற பிள்ளைகள் வாயில் பால் ஊற்றி அனுப்புவது வழக்கம். பால் இறங்கினால்தான் போகிற உயிருக்கு நிம்மதி என்பார்கள். மூத்தவன் வரட்டும் என்று டம்ளரில் பாலை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அம்மாவின் கண் வாசலையே பார்த்தபடி இருந்தது. கடைசியில் மாமா, "இனிமே தாங்காது, நீ ஊத்து பாப்பா" என்றார். ஊற்றினேன். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் கன்னத்தில் வழிந்தது.

அண்ணன் வந்தபோது டம்ளரில் மிச்சப் பால் இருந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து அம்மாவின் வாயருகே கொண்டுபோனான். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்பா. போயிட்டா." டம்ளரும் கையுமாக நின்றான். அழவில்லை. மறுநாள் புதைத்த இடத்தில் பால் தெளிக்கச் சொன்னபோதும் அழவில்லை. "மண்ணுதான் குடிக்குது" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு கல்லாய் இறுகிப்போனான். டீயில்கூடப் பால் வேண்டாம் என்பான்.

மறு வருஷம் அந்தப் படம் வந்தது. நம் ஊர் நடிகர் ஒருவர் பறக்கும் வீரனாக நடித்தது. சிரித்துவிட்டு வரட்டும் என்று நான்தான் அவனைக் கள்ளக்குறிச்சி தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதல் பாதி முழுக்க அந்த வீரன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுகிறான். விசில் பறந்தது. இரண்டாம் பாதியில் அவன் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வருகிறது. கடலைத் தாண்டிப் பறந்து வருகிறான். வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். சண்டை இல்லை, பாட்டு இல்லை. "டேய், பறடா!" என்று பின்னால் ஒருத்தன் கத்தினான். பாதிப் பேர் பாப்கார்ன் வாங்க எழுந்து போனார்கள். என் பக்கத்தில் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். அம்மா போன பிறகு அதுதான் முதல் அழுகை.

வெளியே மைக் வைத்துக்கொண்டு யூடியூப் பையன்கள் நின்றிருந்தார்கள். சிவந்த கண்ணோடு வருகிறவனை விடுவார்களா? "படம் எப்டிண்ணா?" என்று வாயருகே நீட்டினார்கள். அண்ணன் சொன்னான்: "பறக்கத் தெரிஞ்சவனே லேட்டாத்தான் போறான். பஸ்ஸுல போறவன் இன்னா பண்ணுவான்?"

அவ்வளவுதான். அடுத்த நாளே அது ஊர் சிரிக்கும் வீடியோ ஆகிவிட்டது. ரயில் தாமதமானாலும் சரி, மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு லேட்டாக வந்தாலும் சரி, அண்ணன் அழுத முகத்தை ஒட்டிவிடுவார்கள். ஓட்டலில் லாரி டிரைவர்கள், "பறக்குறவரே, ரெண்டு புரோட்டா லேட்டில்லாம அனுப்புங்க" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விமர்சகர்கள் வேறு தனியாகச் சாத்தினார்கள். பறக்கிறது கம்மி, அழுகை ஜாஸ்தி, சூப்பர் ஹீரோ படத்துக்குச் செண்டிமெண்ட் எதற்கு என்றார்கள். ரசிகர்களோ தங்கள் தலைவனை மூக்குச் சிந்த வைத்துவிட்டதாக டைரக்டரைத் திட்டினார்கள். படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போனது. அண்ணன் மாவு பிசையும் பின்கட்டுக்கு வேலையை மாற்றிக்கொண்டான். அங்கே அவன் முகம் யாருக்கும் தெரியாது.

சில வருஷம் போனது. பறக்கிறவர்கள் படம் வரிசையாக வந்து, எல்லாவற்றிலும் கட்டடங்களை இடித்து இடித்து, பார்க்கிறவர்களுக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது. பழைய படம் ஒன்று கிடக்கிறதே என்று யாரோ தூசி தட்டினார்கள். அதே விமர்சகர், அதே கண்ணாடி, அதே நாற்காலி. "காலத்துக்கு முந்தி வந்த படம், நாமதான் கொண்டாடத் தவறிட்டோம்" என்று கண்ணைத் துடைக்கிறார். படத்தில் ஒரு காட்சி மாறவில்லை, ஒரு வசனம் மாறவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். அதோடு விட்டார்களா? அண்ணனின் பழைய வீடியோவையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாளே படத்தைப் புரிந்துகொண்ட ஒரே ரசிகன் இவர்தானாம். ஒரே வரியில் எழுதிய விமர்சனமாம்.

அவன் என்றைக்கு விமர்சனம் செய்தான்? அவன் சொன்னது எங்கள் அம்மாவைப் பற்றி. சிரித்தவர்களுக்கும் அது புரியவில்லை, கும்பிடுகிறவர்களுக்கும் புரியவில்லை.

படத்தை மறுபடி ரிலீஸ் செய்தார்கள். கள்ளக்குறிச்சி ரசிகர் மன்றத்துப் பையன்கள் உளுந்தூர்பேட்டைக்கே போய் அண்ணனை அழைத்தார்கள். அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். கடையில் சொல்லிவிட்டு நானும் போய் நின்றேன்.

தியேட்டர் வாசலில் பெரிய பேனர். அன்றைக்கு முஷ்டியை மடக்கிப் பறக்கிற படம் வைத்திருந்தவர்கள், இன்றைக்கு மடியில் அம்மாவைக் கிடத்திய காட்சியை வைத்திருந்தார்கள். அதுதானே இப்போது கொண்டாடுகிற காட்சி. சாரம் கட்டி, கேனில் பால் வைத்திருந்தார்கள். மன்றத்துக்குத் தலைவனான பையன் மாலையைப் போட்டு, "மொதப் பால் நீங்கதான்ணே ஊத்தணும்" என்று ஒரு சொம்பு பாலை அண்ணன் கையில் கொடுத்தான்.

"வாணாண்ணா, வூட்டுக்குப் போலாம் வா" என்று கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு சாரத்தில் ஏறினான். வீரனின் தலைக்கு மேலே கவிழ்ப்பான் என்று எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் அதுவரைக்கும் ஏறவில்லை. அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகக் குந்தினான். இடது கையை அவள் தாடைக்குக் கீழே அணைகட்டினாற்போல் வைத்துக்கொண்டான். சொம்பைச் சாய்த்து, வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். புரையேறிவிடக் கூடாது என்று பயந்தவன்போல நிறுத்தி நிறுத்தி ஊற்றினான்.

கூட்டமோ, தலைவர் படத்துக்குப் புது மாதிரி அபிஷேகம் என்று விசிலடித்தது. அந்த வீடியோவும் இப்போது சுற்றுகிறது. கீழே "வெறித்தனம்" என்று எழுதுகிறார்கள்.

சொம்பு காலியானதும் இறங்கி வந்தான். சட்டைக் கை நனைந்திருந்தது. அந்தச் சத்தத்தில் என் காதருகே குனிந்து கேட்டான்.

"உள்ள போச்சா பாப்பா?"

நான் பேனரைப் பார்த்தேன். அச்சடித்த கழுத்து வழியாகப் பால் முழுக்க வழிந்து மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"போச்சுண்ணா" என்றேன்.