தொடைக்கறி என்று கொடுத்த கழுத்துக்கறி

சாரல் நாட்களில் நனைந்த தேக்கிலைப் பொட்டலத்தைப் பிரித்தால் பச்சிலையும் ரத்தமும் கலந்து ஒரு வாசனை வரும். ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மாட்டுக்கறி வாசனையோடுதான் விடியும்.

பிள்ளைகளே, கறியெல்லாம் ஒன்றல்ல. பின்தொடையில் நார் ஒரே சீராக நீளவாக்கில் ஓடும், அதைக் குறுக்கே நறுக்கி மிளகும் தேங்காய்ச் சில்லும் போட்டுச் சட்டென்று வறுத்துவிடலாம். கழுத்தோ ஆயுள் முழுக்க நுகத்தடி சுமந்தது, வெள்ளை வெள்ளையாகச் 'சவ்வு' ஓடும், பாதி நாள் குழம்பில் கொதித்தால்தான் இளகும். இதெல்லாம் எங்கள் எஸ்தர் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தாள்.

அவளைப் பெண் பார்க்கப் புளியங்குடியிலிருந்து வருகிறார்கள் என்று தொடைக்கறி வாங்க என்னை அனுப்பினார்கள். ஊரே மரியாதையாகக் 'கறிக்கடை அண்ணாச்சி' என்று கூப்பிடும் அந்த மனிதர், நான் கேட்காமலே கறியைச் சுண்டைக்காய் அளவுக்குக் கொத்தி, "அக்காவுக்கு வேலை மிச்சம்லே, கொண்டு போ" என்று சுருட்டித் தந்தார். அப்படிக் கொத்திவிட்டால் நார் தெரியாது, கழுத்தும் தொடையாகிவிடும். அதுதான் அவர் சூது. வண்டி வாசலுக்கு வந்துவிட்டதால் வறுத்ததை வாயில் போட்டுப் பார்க்கக்கூட அக்காவுக்கு நேரமில்லை. மாப்பிள்ளையின் அம்மா மென்றாள், மென்றாள், கடைசியில் எல்லோரும் பார்க்க இலையோரம் துப்பிவிட்டு, "கறி வேக வைக்கத் தெரியாத பிள்ளைய வச்சு நாங்க என்ன செய்ய?" என்று எழுந்துவிட்டாள்.

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு, விடுட்டி" என்று அம்மா அழுதாள்.

"அவரு பாக்கும்போது பாக்கட்டும். நான் இப்பமே பாக்கேன்" என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் போய், "அண்ணாச்சி, போன வாரம் தம்பிட்ட குடுத்த அதே தொடைக்கறி, அதே மாதிரி கொத்தி" என்று கேட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி கழுத்தைத்தான் கொத்தினார். அக்கா வீட்டுக்கு ஓடி, அன்று போலவே சட்டென்று வறுத்து, சூடு ஆறுமுன் தட்டோடு கடைக்குத் திரும்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"தின்னுங்க அண்ணாச்சி."

"இப்பதான் சாப்பிட்டேன்ட்டி."

"ஊருக்கெல்லாம் குடுக்கீக, நீங்க திங்க மாட்டீகளோ?"

கூட்டம் பார்த்தது. வேறு வழியில்லாமல் வாயில் போட்டார். துப்பினால் கள்ளம் வெளியாகும், விழுங்கவோ தொண்டை விடவில்லை.

"என்ன ஓய், அசை போடுதீரு, நீரும் மாடாயிட்டீரா?" என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. கண்ணில் நீர் முட்ட விழுங்கினார். அக்கா தட்டை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு. தட்டு காலியாவுத வரைக்கும் நான் போவ மாட்டேன்."

அன்று முதல் யாரும் அவரிடம் கொத்திய கறி வாங்கவில்லை. முழுசாகக் கேட்டு, விரலால் நார் தடவிப் பார்த்த பிறகே வாங்கினார்கள். அடுத்த குற்றாலச் சீசனுக்குள் கடையைப் பூட்டிவிட்டார். ஆனால் புளியங்குடிப் பேச்சு அக்காவுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. பல வருஷம் அவளுக்கு வரன் அமையவில்லை.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. கறி கொத்தியே பாலித்தீன் பையில் வருகிறது, நார் தடவிப் பார்ப்பவர் யாரும் இல்லை, அக்காவும் இல்லை. மன்னிப்பைப் பற்றி உங்களுக்கு நாலு வரி எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் தட்டின் கடைசித் துண்டையும் அவர் விழுங்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிர்கிறது.