நம்பர் கட்டிய செடிகள்

யாராவது எதையாவது எண்ணுவதைக் கண்டால் சண்முகவடிவுக்குப் பிடிக்காது. மும்பை தாராவியில் அவள் வீட்டுக் கதவில் சர்வேக்காரர்கள் பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போன நம்பரின் மேல் மறுநாளே ஒரு காலண்டரை மாட்டினாள். பெயர் கேட்டவர்களிடம் லட்சுமி என்றாள். அதற்கு முன் வந்தவர்களிடம் மாரியம்மா என்று சொல்லியிருந்தாள். ஆதார் அட்டையைக் கேட்டால் அது எப்போதும் ஊரில் இருக்கும்.

இந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள், தேவ்நாரில் புருஷன் அய்யாத்துரை போட்ட குடிசையில் ஆறு வருஷம் இருந்தாள். அந்த ஆறு வருஷத்தில் அதை மூன்று முறை இடிக்க வந்தார்கள். மூன்று முறையும் முதலில் ஒரு ஆள் நோட்டோடு வந்தார், எண்ணினார், நம்பர் போட்டார், பயப்படாதீர்கள், சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று சிரித்தார். பிறகு இடிக்கிற வண்டி வந்தது. முதல் முறை எல்லாம் மண்ணோடு போயிற்று. அடுத்த முறையிலிருந்து, நம்பர் விழுந்த அன்றே அந்த வரிசைக்காரர்கள் எல்லோரும் தங்கள் தகரத்தையும் கதவையும் தாங்களே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி வந்து நிற்கும்போது இடிக்க ஒன்றும் இருக்காது. அதில் அவளுக்கு ஒரு அற்பத் திருப்தியும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அய்யாத்துரை செத்துப்போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. இப்போது அவள் மாட்டுங்காவில் கோயில் வாசலில் உட்கார்ந்து கீரை விற்கிறாள். மார்க்கெட்டில் வாங்கி விற்கிற கீரை அல்ல. முடக்கத்தான், மூக்கிரட்டை, கீழாநெல்லி என்று தானாக முளைப்பவை. பிள்ளையார் சதுர்த்தி வந்தால் இருபத்தொரு இலை வைத்துப் பூஜை செய்கிற மாட்டுங்கா வீடுகள் அவளைத்தான் நம்பியிருக்கும். மாவிலையும் துளசியும் யாரிடமும் கிடைக்கும். நாயுருவி, கண்டங்கத்திரி, விஷ்ணுகிராந்தியெல்லாம் அவளிடம் மட்டும்தான். எங்கே பறிக்கிறாய் என்று கேட்டால், "கல்யாண் தாண்டிப் போகணும்மா, ரொம்ப தூரம்" என்பாள்.

கல்யாணும் இல்லை, தூரமும் இல்லை. செம்பூரில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய பம்ப் ஹவுஸின் காம்பவுண்டுதான் அது. இரும்புக் கேட்டில் ஒரு கம்பி வளைந்திருக்கும், அந்த இடைவெளியில் புகுந்துவிடுவாள். சயானில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். அந்த இடம் போனால் அவள் பிழைப்பும் போயிற்று, அவ்வளவுதான்.

ஆடி மாத மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பிக்குள் நுழையப் போனவள் திகைத்து நின்றாள். கேட் திறந்து கிடந்தது. தொப்பியும் ஷூவுமாகப் பதினைந்து பேர் அவளுடைய செடிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோறு தண்ணீர் இல்லாதவர்களாகவும் தெரியவில்லை. வேலைவெட்டி உள்ளவர்கள் களையை எதற்குப் போட்டோ எடுக்க வேண்டும்?

மெஹக் என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒரு பெண், மூக்கிரட்டைக் கொடியைக் காட்டி, இதன் பெயர் என்ன சித்தி என்று இந்தியில் கேட்டாள்.

"காஸ் ஹை. குச் நஹி," என்றாள் சண்முகவடிவு. வெறும் புல், ஒன்றுமில்லை. சொல்லிக்கொண்டே கூடையைப் புடவைக்குப் பின்னால் தள்ளினாள்.

அதற்குள் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். மாட்டுங்காவில் இருக்கிற, பேங்கில் ரிடையரான சுந்தரராமன். வாரம் தவறாமல் அவளிடம் முடக்கத்தான் வாங்குகிறவர்.

"அடடே, நீங்களா! கல்யாண் தாண்டின்னு சொன்னேளே?"

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "இங்கயும் ஒண்ணு ரெண்டு கெடக்கும் சார்," என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் மெஹக் எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. நாற்பத்தாறு, நாற்பத்தேழு.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். செடி செடியாக வெள்ளை நூல் கட்டி, நூலில் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நம்பர். விஷ்ணுகிராந்தி தரையோடு படர்ந்து நீலமாகப் பூத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதிலும் நம்பர். சண்முகவடிவு நேராகச் சுந்தரராமனிடம் போனாள்.

"எதுக்கு சார் நம்பரு?"

"இந்த எடத்த கார்ப்பரேஷன்காரா சிமென்ட் போட்டு கார் பார்க்கிங் ஆக்கப் போறாளாம்மா. இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் குப்பைன்னு எழுதியிருக்கா. இல்ல, இத்தனை ஜாதிச் செடி இருக்குன்னு நாங்க மனு குடுத்திருக்கோம். வர்ற வியாழக்கிழமை ஆபீசர் நேர்ல பாக்க வர்றார். நீங்களும் வாங்கோ. எங்களுக்குப் போனைப் பாத்தாத்தான் பேர் தெரியறது, உங்களுக்கு எல்லாம் மனப்பாடம்."

"பாக்கத்தான் வாராவளா?"

"பாக்கத்தான். பயப்படாதீங்கோ."

பயப்படாதீர்கள் என்ற அந்த வார்த்தைதான் கெடுத்தது. சுந்தரராமன் நல்லவர், கீரைக்குப் பேரம் பேசாதவர், அவள் மறுக்கவில்லை. ஆனால் தேவ்நாரில் நோட்டோடு வந்த ஆளும் பார்க்க நல்லவராகத்தான் இருந்தார். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள்.

"நம்பர் போட்டாச்சுட்டி. இனி வண்டிதான்," என்றாள் பக்கத்து வீட்டு ஜான்சியிடம்.

"செடிக்கும் நம்பர் போட்டு இடிப்பாவளாக்கா?" என்று ஜான்சி சிரித்தாள்.

"நீ சிரிப்ப. ஒனக்கு ஒரு தடவகூட இடியல."

புதன்கிழமை விடிந்ததும் இருவரும் நாலு சாக்கோடு போனார்கள். பதினோரு மணிக்குள் காம்பவுண்டு மொட்டையாகிவிட்டது. எருக்கையும் ஊமத்தையையும்கூட அடியோடு வெட்டினாள். விஷ்ணுகிராந்தியைப் பறிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. மழையில் ஊறிய மண், இழுத்ததும் வேரோடு வந்துவிட்டது. அட்டைகளை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு என்று, எல்லாவற்றையும் நூலோடு கோர்த்துக் கேட்டில் தொங்கவிட்டாள். அன்று சாயங்காலமே இரண்டு சாக்கு விற்றுப்போயிற்று.

வியாழக்கிழமை அவள் போயிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வண்டி வந்து ஏமாந்து நிற்பதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? எதிர்ப்புற பஸ் ஸ்டாப்பில் முக்காடு போட்டு உட்கார்ந்தாள்.

ஜீப்தான் வந்தது. அதிலிருந்து ஒரே ஒரு ஆள் இறங்கினார். இடிக்கிற வண்டி எதுவும் பின்னால் வரவில்லை. மெஹக் ஓடிப்போய்க் கேட்டைத் தள்ளினாள், அப்படியே நின்றாள். அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். சேறு. நடுவில் நட்ட ஒற்றைக் குச்சி. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். மெஹக் கோர்த்திருந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சுந்தரராமன் ஒரு காகிதக் கட்டைப் பிரித்து அதிகாரியிடம் நீட்டினார். அவர் அதை வாங்காமலே, தன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

சண்முகவடிவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். ஆனால் அழுகிறவளைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. இவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். இடிக்க வந்தவர்களின் ஆட்கள் இல்லை. இந்த முறை இடித்தது யார்?

சிக்னலைப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தாள்.

"நாந்தான் சார் புடுங்குனேன்," என்றாள் சுந்தரராமனிடம். "அவருகிட்ட சொல்லுங்க. நேத்து வரைக்கும் எல்லாம் இருந்துச்சு."

சுந்தரராமன் அவளையே பார்த்தார். "என்ன காரியம்மா பண்ணிட்டேள்," என்றார் மெதுவாக. "மனுல மொதப் பக்கத்துலயே உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கோம். பேர் தெரியாதுன்னு, கீரை விக்கற அம்மான்னு போட்டிருக்கோம்."

அவள் சேற்றில் இறங்கினாள். ஒரு இடத்தில் குனிந்து, விரலை விட்டுக் கிளறி, தடித்த வேர் ஒன்றைக் காட்டினாள். "மூக்கிரட்டை. வேர் கெடக்கு, நாலு மழைக்கு எந்திரிச்சிரும்." அடுத்த இடம். "நாயுருவி. வெத உதிந்து கெடக்கு." சுவரோரம், கேட்டோரம், பம்ப் ஹவுஸ் படியோரம் என்று நடந்து நடந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். யார் எண்ணினாலும் பிடிக்காதவள் தானே எண்ணிக்கொடுத்தாள். சுந்தரராமன் இந்தியில் சொல்லச் சொல்ல, மெஹக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தாள். கடைசியில் விஷ்ணுகிராந்தியின் குச்சிக்கு வந்ததும் சண்முகவடிவு நின்றுவிட்டாள்.

"இது வராது. வேரோட போச்சு. நாந்தான் வித்தேன்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. சதுர்த்தி முடிந்து ஒருமுறை வருகிறேன், அன்றைக்கு இருந்தால் பார்க்கலாம் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இதையெல்லாம் சொன்னது யார் என்று எழுத வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார்.

லட்சுமி நாக்கு நுனி வரை வந்தாள்.

"சண்முகவடிவு," என்றாள். "தாராவி. கதவுல நம்பரும் இருக்கு, சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

அவர் எழுதி முடித்ததும் அவள் சுந்தரராமனின் முழங்கையைத் தொட்டாள்.

"எம் பேரத்தான் எழுதியிருக்காவளான்னு எட்டிப் பாருங்க சார்."