பெட்டியில் விலாசம் எழுதிய பெர்னடீன்

பெர்னடீன் ஹ்ரூஸ்காவும் நானும் இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒஹையோவில் எங்கள் வில்லோ ஃபோர்க் ஊரில், தூசி உறிஞ்சும் இயந்திரங்களுக்கு மோட்டார் செய்யும் ஹால்பர்ட் ஆலையில் கம்பிச் சுருள் கட்டினோம். செப்புக் கம்பியை விரலால் தடவியே எந்தச் சுற்றில் பிசகு என்று சொல்லிவிடுவாள். வாயும் அப்படித்தான். பிசகு எங்கே இருந்தாலும் சும்மா விடமாட்டாள். தேவாலயத்து மீன் விருந்தில் வரிசையை முந்திய பாதிரியாரையே, "ஃபாதர், பின்னாடி போய் நில்லுங்க" என்று அனுப்பியவள்.

ஆலையை மூடப்போவதாக ஒரு மார்ச் மாதம் அறிவித்தார்கள். வேலை மலேசியாவுக்குப் போகிறது என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அங்கிருந்து வந்த இரண்டு பொறியாளர்களுக்கு ஆறு வாரம் தொழில் சொல்லிக்கொடுத்ததே பெர்னடீன்தான். பிறகு இயந்திரங்களைக் கழற்றி மரப்பெட்டிகளில் அடைத்தோம். விலாசச் சீட்டு அச்சடிக்கும் கருவியை யாரோ முதல் பெட்டியிலேயே போட்டு ஆணி அடித்துவிட்டதால், மற்ற பெட்டிகளிலெல்லாம் பினாங்கு விலாசத்தைத் தடித்த கறுப்புப் பேனாவால் அவளே எழுதினாள். அவளுடைய சொந்த இயந்திரம் பெட்டிக்குள் போனபோது பக்கத்தில் நின்று நாக்கை நீட்டினாள். சரக்கு ஏற்றும் பிரிவில் இருந்த ஆர்லோ வீடிங் அதைக் கைபேசியில் படம் பிடித்தான்.

இப்படி வேலை கடல் கடந்து போய்விட்டால் அரசாங்க உதவி உண்டு. வேறு தொழில் படிக்கக் கட்டணம் தருவார்கள், படிக்கும் காலத்துக்கு உதவித்தொகையும் தருவார்கள். மூன்று தொழிலாளர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும், ஆலை முழுவதற்கும் சேரும். பெர்னடீன், ஆர்லோ, நான் மூவரும் போட்டோம்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. 'உற்பத்தி வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.'

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனாள். கூடவே நானும் போனேன். அங்கே யோஸ்ட் என்ற ஊழியர் கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கம்பெனிக்கு நாங்க கேள்வித்தாள் அனுப்பினோம் மேடம். 'வேலைய வெளிநாட்டுக்கு மாத்தினீங்களா?'ன்னு கேட்டிருந்தோம். 'இல்ல'ன்னு டிக் பண்ணியிருக்காங்க."

"அப்ப அந்த மெஷினெல்லாம் எங்கய்யா போச்சு? காலாற நடந்துட்டு வரப் போயிருக்கா?"

"மெஷின் போறது வேற, உற்பத்தி போறது வேற மேடம்."

"ஓ! அங்க கொண்டுபோய் அலமாரியில வச்சு அழகு பாக்கறாங்களோ?"

"என்கிட்ட கோவப்பட்டு என்ன பிரயோஜனம்? நான் ஃபாரத்த வாங்கி அனுப்பற ஆளு."

"வேற யாருகிட்ட கோவப்படறது? முடிவெடுக்கறவன் போனையே எடுக்க மாட்டேங்கறானே!"

அது உண்மை. தலைநகரத்து எண்ணுக்குப் போன் போட்டால் ஒரே பாட்டு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முட்டைக்கோஸ் நறுக்கி, நூடுல்ஸ் வேகவைத்து, கணவன் டேலுக்குப் பரிமாறியும் முடித்துவிடுவாள். பாட்டு மட்டும் முடியாது. மறுபரிசீலனை கேட்க முப்பது நாள்தான் தவணை. கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்ததே பத்தொன்பதாம் நாள்.

ஆதாரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் ஆர்லோ எடுத்த படம் எனக்கு ஞாபகம் வந்தது.

"பைத்தியம் மாதிரி நாக்க நீட்டிக்கிட்டு நிக்கறேன். அத கவர்மென்ட்டுக்கு அனுப்பச் சொல்றியா?"

"பின்னாடி பினாங்குன்னு கொட்ட எழுத்துல இருக்கில்ல? அனுப்புடி."

அனுப்பினாள். கூடவே அந்தப் பொறியாளர்களுக்குத் தான் எழுதிக்கொடுத்த பாடக் குறிப்புகளின் நகலையும் வைத்தாள். பத்து வாரம் கழித்து மனு ஏற்கப்பட்டதாக மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. முன்பு சொன்னது தவறு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவளோ கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு 'மன்னிச்சுக்குங்க' போட்டா மை தீந்துடுமா இவனுங்களுக்கு?"

ஆனால் அதற்குள் ஆலை மூடி ஏறக்குறைய ஒரு வருஷம். முந்நூற்று நாற்பது பேரில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. ஆர்லோ இண்டியானாவில் வான்கோழி வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். லாரி ஓட்டப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எங்களோடு கையெழுத்துப் போட்டவன் அவன். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நானும் பெர்னடீனும் காரில் மூன்று மணி நேரம் போனோம். ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்தவன் விண்ணப்பத்தைத் தொடவே இல்லை.

"பெர்னி, இந்த வேலைய விட்டா ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் போயிடும். பொண்டாட்டி கேய்லாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். இந்தக் கடுதாசி போன வருஷம் வந்திருந்தா..."

எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருப்பவள் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தாள். காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகு ஸ்டியரிங்கை இரண்டு முறை அடித்தாள். வீடு வரும்வரை யாரைத் திட்டுவது என்று தெரியாமல் முன்னால் போன வண்டிகளையெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

அடுத்த சண்டை படிப்புக்கு. எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் இரண்டு பேர் ஓய்வுபெறப் போகிறார்கள் என்று டேல் கேள்விப்பட்டு வந்து சொன்னான். நீர் சுத்திகரிப்புப் படிக்க வேண்டும் என்று பெர்னடீன் கேட்டாள். யோஸ்ட் பட்டியலைப் பார்த்தார்.

"முடி வெட்டறது இருக்கு, ஆஸ்பத்திரி பில் போடறது இருக்கு. தண்ணி இல்லையே மேடம்."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இருக்கற ஊரே காலியாவுது, நான் யாரு தலைய வெட்டறது?"

வேலை கிடைக்கும் என்று யாராவது எழுதித்தர வேண்டும் என்றார் யோஸ்ட். நீர் நிலைய மேலாளர் எழுதித்தந்தார். அலுவலகப் பெயர் அச்சடித்த தாளில் இல்லையென்று கடிதம் திரும்பி வந்தது. நீர் நிலையத்தில் அப்படி ஒரு தாளே கிடையாது. மேலாளரின் மகள் கணினியில் ஒரு குழாய்ப் படம் போட்டு, கீழே பெயர் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தாள். அதை ஒப்புக்கொண்டார்கள்.

பெர்னடீன் தன் மகளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்கும் ரசாயனமும் படித்தாள். முதல் தேர்வில் தவறி, இரண்டாவதில் தேறினாள். இப்போது நீர் நிலையத்தில் பகல் வேலை. ஆலைச் சம்பளத்தைவிடக் குறைவுதான். நானும் ஆஸ்பத்திரி பில் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். எழுபது மைல் சுற்றளவில் யாருக்கும் நான் தேவைப்படவில்லை. ஹார்ட்வேர் கடையில் திருகாணி எடுத்துக் கொடுக்கிறேன்.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். "கடைசில நீதாண்டி ஜெயிச்ச" என்றேன்.

சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "என்னத்த ஜெயிச்சேன்? அந்த ஹால்பர்ட்ல எவனோ ஒருத்தன் அந்தக் கேள்வித்தாள்ல 'ஆமா'ன்னு டிக் போட்டிருந்தா ஆர்லோ இன்னைக்கு லாரி ஓட்டிக்கிட்டு இருப்பான். ஒரே ஒரு டிக்! அத போட என்னடி கேடு அவனுக்கு?"

சுவரில் ஏதோ மணி அடித்தது. குளோரின் அளவு பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து உள்ளே போனாள்.