அடித்துவிட்டு நின்றுவிடாதே

பிள்ளைகளே, இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் நான் மேசைப்பந்து விளையாடப் போனதை இன்றும் சிலர் குறையாகச் சொல்வார்கள். அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

அதற்கு முன் வாரக்கணக்காக நானும் யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் தெருவில் பதாகை பிடித்து நின்றவன்தான். எல்லாம் முடிந்தது என்ற செய்தி வந்ததும் கனடாவில், மல்வேர்னில் எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தில் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வேலைக்குப் போவேன், வந்து வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடப்பேன். ஒரு சனிக்கிழமை மட்டையைக் கையில் எடுத்தேன்.

"போயிட்டு வாங்கோ. நடந்து நடந்து என்னையும் விசராக்காதேங்கோ" என்றா உங்கள் அம்மா.

எலிவேற்றரில் மேல்மாடி அண்ணை மட்டையைக் கண்டுவிட்டார்.

"சனம் செத்துக் கிடக்குது. உமக்கு விளையாட்டுக் கேக்குதோ?"

"ஓம் அண்ணை, கேக்குது. நான் படுத்துக் கிடந்தால் ஆரும் எழும்பி வரப்போறேல்லை."

சமூக மண்டபத்தில் வென்றவர் அடுத்த ஆட்டத்துக்கும் மேசையடியில் நிற்பார், தோற்றவர் விலகி வரிசையில் காத்திருக்க வேண்டும். அன்று நின்றவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரத் தம்பி. நான் பழகியது ஊரில், கோயில் மண்டபத்தில். இடம்பெயர்ந்த சனத்தின் மூட்டைகள் மேசையைச் சுற்றிக் கிடக்கும். கால் வைக்க இடமில்லை, கை மட்டும்தான் ஆடும். இங்கே மண்டபம் வெறுமையாகக் கிடந்தும் என் கால்கள் நகரவில்லை.

"அண்ணா, அடிச்சிட்டு அங்கயே நின்னு படம் பாக்குறீங்க. டிக்கெட் எடுத்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்றது.

"கதைக்காமல் போடும் தம்பி!"

ஆனால் அவர் சொன்னது சரி. பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற ஆசையை விட்டேன். அடித்த கையோடு சின்னச் சின்ன எட்டாக வைத்து நடுவுக்கு வந்தேன், முழங்கால் மடித்து, மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி. முதலில் கால்கள் பின்னின. இடுப்பு மேசை மூலையில் இடித்தது. விடவில்லை. வலது மூலைக்குப் போட்டார், எடுத்தேன். நடுவுக்கு வந்தேன். இடது மூலைக்குப் போட்டார், அங்கேயும் நின்றேன். அவர் அடுத்த பந்தை வலையில் அடித்தார்.

"யோவ்!" என்றார், தனக்குத்தானே.

ஆட்டத்தில் தோற்றேன். மூச்சு இரைத்தது, சட்டை முதுகில் ஒட்டியது. வீட்டுக்குப் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

"போதும்ணா, உக்காருங்க."

"இருக்கிறதுக்கு வரேல்லைத் தம்பி. திரும்ப வாறன், ஆயத்தமா நில்லும்."