தமிழ் பீரோவுக்கு முன்னால் நான்

இன்று பீன்யா ஃபேக்டரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு மகளின் பள்ளிக்குப் போனேன். நூலக வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்த ஒரே ஆள் நான்தான். சாக்ஸ் ஓட்டை வழியாகப் பெருவிரல் எல்லோரையும் எட்டிப் பார்த்தது.

மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளி நூலகத்தின் வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அங்கேதான் பத்தாவது வரை படித்தேன் (பாஸானேனா என்று கேட்காதீர்கள்). அதனால் பேட்டிக்கு என்னை இழுத்து வந்திருந்தாள்.

நூலக மிஸ் மூலையிலிருந்த கண்ணாடி பீரோவைக் காட்டினார். "எல்லாம் தமிழ் புக்ஸ் சார். யாரும் தொடறதில்ல, சும்மா ஜாகா அடைக்குது. நாளைக்கு எடைக்குப் போட்டுடுவோம்."

மகளின் முகம் வாடிவிட்டது. "எங்கப்பா இதெல்லாம் படிச்சிருக்காரு மிஸ்!"

மிஸ் என் பெருவிரலைப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பீரோவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மேல்தட்டிலிருந்து புத்தகங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். மிஸ் கண்ணாடியில் விரல் வைத்துச் சரிபார்த்தார். மூன்று தட்டு, ஒரு தப்பில்லை.

"அய்யோ, அத்தனையும் படிச்சீங்களா சார்? அப்ப இது இங்கயே இருக்கட்டும். மாசம் ஒருநாள் வந்து பசங்களுக்குக் கதை சொல்லுங்க."

மகள் அதையும் பெருமையாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

என்னோடு படித்தவர்களே, கமெண்டில் உளறிவிடாதீர்கள். மிஸ்ஸிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. நம் காலத்தில் அந்த பீரோ எப்போதும் பூட்டியே இருக்கும். வீட்டுப்பாடம் செய்யாதவனை அதன் முன்னால்தான் நிற்க வைப்பார்கள்.

நான் தினமும் நின்றேன்.